தறி ஓடிய நேரமா, ஆள் நின்ற நேரமா?

காலை நடையை முடித்துக்கொண்டு கடற்கரைச் சாலை பெஞ்சில் நாங்கள் ஐந்தாறு கிழவர்கள் உட்காருவது வழக்கம் என்பது என் எழுத்தைத் தொடர்ந்து படிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் சர்க்கரை அளவு, பேரப்பிள்ளைகள், பென்ஷன் நிலுவை என்றுதான் பேச்சு போகும். சென்ற வாரம் மட்டும் ஒரு சண்டையே நடந்தது. வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைத்தால்தான் நாடு உருப்படும் என்று ஒரு நண்பர் ஆரம்பித்தார். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை, அதனால்தான் நம் உற்பத்தித்திறன் தரைமட்டத்தில் கிடக்கிறது என்பது அவர் வாதம்.

இது அவர் சொந்தச் சரக்கு இல்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னது. இந்தியாவின் உழைப்புத்திறன் உலகத்திலேயே மிகக் குறைவான வரிசையில் இருக்கிறது, ஆகவே இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் தொண்ணூறுக்கே போய்விட்டார். பெரிய நிறுவனங்களை நடத்தியவர்கள், அவர்கள் உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கைத்தான் சொல்கிறேன்.

பெஞ்சின் ஓரத்தில் எப்போதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. எண்பதைத் தாண்டியவர், நம் ஊர் மில் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டியவர். எல்லோரும் கத்தி முடித்த பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "சார், தறி ஓடுன நேரத்தை எண்ணச் சொல்லுங்க. ஆள் நின்ன நேரத்தை எண்ணி என்ன ஆவப்போவுது?" என்றார். அவ்வளவுதான். மறுபடி கடலைப் பார்த்துக்கொண்டார். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தால் வந்தது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். பள்ளியில் எங்கள் மிசே 'ரான்த்மான்' என்ற சொல்லை விளக்க, ஒரு காணி நிலத்தில் எத்தனை மூட்டை நெல் கண்டது என்று கேட்பார். அதே சொல்லைத்தான் எந்திரத்துக்கும் ஆளுக்கும் சொல்வார்கள். கீழே போட்டது எவ்வளவு, மேலே வந்தது எவ்வளவு, இரண்டையும் வகுத்தால் வருவது ரான்த்மான். உற்பத்தித்திறன் என்பதும் அந்த வகுத்தல்தான். மேலே விளைச்சல், கீழே உழைத்த மணி. பத்து மணி நேரத்தில் நூறு கெஜம் நெய்தவர் இருபது மணி நேரம் நின்று இருநூறு கெஜம் நெய்தால் துணி இரட்டிப்பாகும், உற்பத்தித்திறன் அப்படியே இருக்கும். களைத்துப்போய் நூற்றெண்பதுதான் நெய்தார் என்றால் குறைந்தே போகும். உற்பத்தித்திறன் குறைவு, ஆகவே கூடுதல் மணி நேரம் உழையுங்கள் என்பது, வகுக்கும் எண்ணைப் பெரிதாக்கி விடையையும் பெரிதாக்கப் பார்ப்பது. எங்கள் மிசே இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

என் சித்தப்பா மகன் பாரிஸ் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே 2000-இலிருந்து சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேரம்தான். ஆனாலும் ஒரு மணி நேர உழைப்புக்கு விளையும் மதிப்பில் பிரான்ஸ் உலகத்தின் முன்வரிசையில் இருக்கிற நாடு. அவன் ஒன்றும் நம்மைவிடச் சுறுசுறுப்பானவன் இல்லை, சின்ன வயதில் பாலுக்குக் காசு கொடுத்தனுப்பினால் மதியம்தான் திரும்பி வருவான்.

மணி நேரத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1936 ஜூனில் பிரான்சில் 40 மணி நேர வாரமும் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பும் சட்டமாயின. அதே ஆண்டு ஜூலை 30-இல், வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கவும் உரிமை கேட்டுப் போராடிய நம் சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், 1937-இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத்திருத்தம் நிறைவேறியபோது பெஞ்சில் இருந்த மில் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தபோதுதான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

சரி, மணி நேரத்தைக் கூட்டாமல் விளைச்சல் எப்படிக் கூடும்? நான் படித்ததிலேயே மனசில் நின்றது அகமதாபாத்தில் நடந்த ஒரு சம்பவம்.

1950-களின் தொடக்கம். அங்கே காலிகோ மில் என்று சாராபாய் குடும்பத்தாரின் புகழ்பெற்ற ஆலை. புதிதாகத் தானியங்கித் தறிகளை வாங்கி ஒரு கூடத்தில் நிறுத்தினார்கள். 224 தறிகள், 29 ஆட்கள். எந்திரமும் புதுசு, ஆட்களும் நல்ல வேலைக்காரர்கள். ஆனாலும் எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை, சேதாரத் துணியும் அதிகம். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் வந்து பார்த்தார்.

அவர் கண்டது இது. அந்த 29 பேருக்கும் பன்னிரண்டு வகை வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. நெய்பவர் ஒருவர், ஊடைத் தார்களை நிரப்பி வைப்பவர் ஒருவர், பாவு மொத்தமாக அறுந்தால் சரி செய்பவர் ஒருவர், புதுப் பாவு ஏற்றுபவர், தறியைச் செப்பனிடுபவர், எண்ணெய் போடுபவர், துணியைத் தூக்கிப் போகிறவர், கூட்டுபவர் என்று. அறிவியல் முறைப்படி வேலையை அளந்து பிரித்திருந்தார்கள். ஆனால் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒருவர் பார்க்கும் தறிகளின் எண்ணிக்கை வேறு, அவருக்குத் தார் நிரப்புகிறவர் பார்க்கும் எண்ணிக்கை வேறு. கணக்குப் போட்டால் ஒரு நெசவாளருக்கு எட்டில் ஐந்து பங்கு தார் நிரப்புகிறவரும், எட்டில் மூன்று பங்கு அறுந்த பாவு சரி செய்கிறவரும் கிடைத்தார்கள்! எட்டில் மூன்று பங்கு மனிதனை எங்கே போய்த் தேடுவது? தறி நின்றுவிட்டால் நெசவாளர் கையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேட வேண்டும், அவரோ அந்நேரம் வேறொருவருடைய தறியில் இருப்பார். யாரும் சும்மா இல்லை. எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். தறிதான் நின்றுகொண்டிருந்தது.

மேலே இருந்து பார்க்கிற மேலாளருக்கு இது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். வழக்கமான மருந்து என்ன? இன்னொரு மேஸ்திரியைப் போடு, அபராதம் போடு, ஷிஃப்டை நீட்டு.

ரைஸ் சொன்னது வேறு. கூடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு சிறு குழுவும் தன் தறிகளுக்கு முழுப் பொறுப்பு ஏற்றால் என்ன என்று கேட்டார். தொழிலாளர்கள் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு யார் யாரோடு சேர்வது என்று தாங்களே முடிவு செய்து, ஏழேழு பேர் போலக் குழுக்களாகப் பிரிந்துவிட்டார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். குழுவுக்குள் ஒருவர் வேலையில் மற்றவர் கை கொடுத்தார். தறி நின்றால் யார் வேலை என்று கேட்காமல் பக்கத்தில் இருந்தவர் ஓட்டினார். சில மாதங்களில் தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95-ஐ நெருங்கியது. சேதாரத் துணி 32 சதவீதம் அளவிலிருந்து 20-க்குக் குறைந்தது. தறி அதே தறி, ஆட்கள் அதே ஆட்கள். வேலை நேரத்தையும் நீட்டவில்லை.

இதைச் சொன்னால் எப்போதுமே இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்காது. 1970 வாக்கில் இன்னொரு ஆய்வாளர் அதே ஆலைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு கூடத்தில் குழு முறை அப்படியே நிலைத்திருந்தது, தானியங்கித் தறிக் கூடத்தில் பெரும்பாலும் பழைய வழக்கம் திரும்பிவிட்டிருந்தது. அதற்காக முதலில் கிடைத்தது பொய்யாகிவிடாது. நல்ல ஏற்பாட்டையும் தறியைப் போலவே பராமரிக்க வேண்டியிருக்கிறது.

தறி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இன்று கார் செய்கிற டொயோட்டா குடும்பம் தொடங்கியது தறியில். சகிச்சி டொயோடா 1924-இல் செய்து முடித்த தானியங்கித் தறியில், பாவு இழை ஒன்று அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். கேட்க அற்பமாக இருக்கும். அதுவரை ஒருவர் தறிக்கு முன்னால் கண் கொட்டாமல் நின்று, எப்போது இழை அறும் என்று காத்திருக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அறுந்த இழையோடு கெஜக்கணக்கில் பழுதான துணி ஓடிவிடும். தானாக நிற்கும் தறியைக் காவல் காக்க வேண்டாம், நின்றதை மட்டும் போய்ப் பார்த்தால் போதும். ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்கலாம், அதுவும் அவசரப்படாமல். 1929-இல் அந்தத் தறியின் காப்புரிமையைப் பிரிட்டனின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே விலைக்குக் கேட்டு வாங்கியது. உலகத்துக்கே நெசவு எந்திரம் விற்றுவந்த கம்பெனி அது.

இப்போது அளப்பதற்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சொந்தமாக ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

பணிக்காலத்தில் சில ஆண்டுகள் மில் சம்பந்தமான புள்ளிவிவரத் தாள்கள் என் மேசைக்கு வந்தன. ஆரம்பத்தில் நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். எந்த மில் ஆளுக்கு அதிக கிலோ நூல் நூற்றதோ அதுவே திறமையான மில் என்று அடுக்கி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். விஷயம் தெரிந்த ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, இருபதாம் நம்பரையும் எண்பதாம் நம்பரையும் ஒரே தராசில் வைத்துவிட்டாயே" என்று சிரித்தார். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். மெல்லிய நூல் நூற்கிற மில்லில் கிலோ குறைவாகத்தான் வரும், உழைப்பு அதிகம். அதனால்தான் கோயம்புத்தூரில் 1956-இல் ஏற்பட்ட சிட்ரா ஆராய்ச்சிக் கழகம் மில்களை ஒப்பிடும்போது எல்லா நூலையும் நாற்பதாம் நம்பருக்குச் சமமாக மாற்றிக்கொள்கிறது. நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி ஆனது என்பதையும் அந்தத் திருத்தத்தோடுதான் பார்ப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? மெல்லிய நூல் நூற்பவன் சோம்பேறி என்று பெயர் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் தடித்த நூலுக்கு மாறிவிடுவான். கணக்குப் புத்தகத்தில் திறமை ஏறும்.

அப்படித்தான் மாறினேன் நானும்.

1980-களின் நடுவில், நான் இருந்த ஓர் அலுவலகத்துக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். நிலுவையைக் குறைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் சுவரில் ஓர் அட்டை மாட்டினார். ஒவ்வொரு எழுத்தர் பெயருக்கும் எதிரே அந்த வாரம் வந்த தாள் எத்தனை, பைசல் ஆனது எத்தனை, நிலுவை எத்தனை. முதல் இரண்டு வாரம் நாங்கள் எல்லோருமே கூடுதலாக வேலை செய்தோம் என்பது உண்மை. மூன்றாவது வாரத்திலேயே சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒரு விண்ணப்பத்தில் குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் அதுவும் பைசல். திரும்பி வந்தால் அது புது வரவு, மறுபடி ஒரு பைசல்.

குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஒரு விதவையின் மனு என்னிடம் வந்தது. கடைநிலை ஊழியரின் மனைவி, பாகூர் பக்கத்துக் கிராமம். மனுவைப் பார்த்த அன்றே அதில் மூன்று குறை எனக்குத் தெரிந்துவிட்டது. வாரிசுச் சான்று இல்லை, திருமணத்துக்கு ஆதாரம் இல்லை, பெயரில் ஓர் எழுத்து பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கலாம். முதலில் ஒன்று எழுதித் திருப்பினேன். அது வந்ததும் அடுத்தது. அதன் பிறகு மூன்றாவது. ஒரு மனு, எனக்கு நான்கு பைசல். அந்தக் காலாண்டில் அட்டையில் என் பெயர் முதலிடத்தில் இருந்தது. அதிகாரி எல்லோர் முன்பாகவும் கை கொடுத்தார்.

மூன்றாம் முறை வந்தபோது அந்த அம்மாள் என் மேசையருகில் நின்று, "ஐயா, இன்னும் ஏதாச்சும் கொண்டாரணும்னா இப்பவே எல்லாத்தையும் சொல்லிடுங்க. வந்துபோற பஸ் காசுக்கே கடன் வாங்குறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்துத்தான் சொன்னார். ஏழு மாதம் கழித்துப் பணம் கிடைத்தது. அந்த ஏழு மாதம் எந்த அட்டையிலும் ஏறவில்லை. நாற்பது வருஷம் ஆகியும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

அதிகாரி மேல் குற்றமில்லை, அளவைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு. மனு உள்ளே வந்த நாளிலிருந்து பணம் அவர் கைக்குப் போன நாள் வரை எத்தனை நாள் என்று அந்த அட்டையில் எழுதச் சொல்லியிருந்தால், நான் முதல் கடிதத்திலேயே மூன்று குறையையும் எழுதியிருப்பேன். யாரும் எனக்கு ஒழுக்கம் போதிக்க வேண்டியிருந்திருக்காது. இன்றைய அலுவலகங்களில் அட்டை போய்க் கம்ப்யூட்டர் திரை வந்திருக்கிறது. 'தீர்வு காணப்பட்டது' என்று செல்போனுக்குச் செய்தி வந்த பிறகும் குழாயில் தண்ணீர் வராத அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

தொழிற்சாலைக்குத் திரும்பி இன்னும் ஒரே ஒரு கேள்வி. திறன் கூடினால் அதன் பலன் யாருக்கு? ழான் ஃபூராஸ்தியே என்ற பிரெஞ்சுப் பொருளியலாளர் விலையைக் காசில் பார்க்காமல், ஒரு சாதாரணக் கூலியாள் எத்தனை மணி நேரம் உழைத்தால் ஒரு பொருளை வாங்கலாம் என்று கணக்கிட்டார். நிலைக்கண்ணாடி இருநூறு முந்நூறு வருஷத்தில் பல மடங்கு மலிந்துவிட்டது, முடி வெட்டும் கூலியோ அந்தக் கணக்கில் அவ்வளவாக மாறவே இல்லை. என் விஷயத்திலும் அப்படித்தான். முதல் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்திருந்தாலும் நான் ஆசைப்பட்ட டிரான்சிஸ்டர் கிடைத்திருக்காது, இன்று பேரன் அதைவிட நல்லதைத் திருவிழாக் கடையில் வாங்கி இரண்டே நாளில் உடைக்கிறான். முடிதிருத்தும் கடையில் மட்டும் அன்று போலவே இன்றும் கை கொஞ்சம் தயங்கித்தான் பணத்தை எடுக்கிறது. அப்படியானால் பலன் வாங்குபவருக்குப் போகிறது. முதலாளிக்கும் போகிறது. உழைப்பவருக்கு? அமெரிக்காவில் டெய்லர் இரும்புப் பாளம் சுமந்த ஒருவரை நாளுக்குப் பன்னிரண்டரை டன்னிலிருந்து நாற்பத்தேழரை டன்னுக்கு உயர்த்தியதாகத் தன் புத்தகத்தில் பெருமையாக எழுதியிருக்கிறார். விளைச்சல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி உயர்ந்தது 1.15 டாலரிலிருந்து 1.85 டாலருக்கு. இதையும் அறிவியல் என்றுதான் சொன்னார்கள். இப்படிப் பங்கு பிரித்தால் இரண்டாவது முறை யார் மனசார யோசனை சொல்ல வருவார்கள்?

நம் ஊர் மில்களைப் பற்றியும் தொழிலாளி உழைக்கவில்லை, அதனால் மூடிவிட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். ரோடியர் மில் என்று நாம் சொல்லும் ஏ.எஃப்.டி.யும் 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. சங்குச் சத்தத்தை வைத்து அடுப்பில் உலை வைத்த வீடுகள் எத்தனை! அந்தத் தீர்ப்பை எழுதுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தறி எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் நின்றது, நின்றது எதனால்? நூல் வராமலா, மின்சாரம் இல்லாமலா, உதிரிப்பாகம் கிடைக்காமலா, ஆள் வராமலா? இப்படிப் பிரித்து எழுதிய ஒரு தாளைக் காட்டிவிட்டு அப்புறம் தொழிலாளியைத் திட்டட்டும்.

நேற்றுக் காலை மில் அண்ணனிடம் இதையே கேட்டேன். அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். பட்டை அறுவது, தார் வந்து சேராமல் காத்திருப்பது, மழைக்காலத்தில் ஒழுகுவது, கோடையில் காற்று வறண்டு இழை பொடிப்பொடியாக அறுவது... ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். வங்கி நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், குறுக்கே பேசவில்லை. வெயில் ஏறிவிட்டதால் பாதியில் எழுந்து வந்துவிட்டோம். வாசகர்களில் மில்லில் வேலை பார்த்தவர்கள் இருந்தால், உங்கள் தறியோ கதிரோ எதனால் நின்றது என்று எழுதியனுப்புங்கள். அண்ணனின் பட்டியலோடு சேர்த்து அடுத்த மாதம் போடுகிறேன்.